முன்காலில் ஒரு ரப்பர் வளையம்

அவர் ஆளைக் கண்டதும் எடை போடுவார். பேச்சுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே கிலோக் கணக்கில் போடுவார். நான் முதன்முதலாக அவருடைய கராஜுக்குப் போனபோது வணக்கம்கூடச் சொல்லாமல் தலையிலிருந்து கால்வரை ஒரு தரம் பார்த்துவிட்டு, "அறுவத்தி ரெண்டு. பூட்ஸோட அறுவத்தி மூணரை" என்றார். அதற்குப் பிறகுதான் "வாங்கய்யா, ஒக்காருங்க" என்றார். நான் விடவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரித் தராசில் போய் ஏறி நின்றேன். பூட்ஸோடு அறுபத்து மூன்றரைதான்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கண்டாக்கு. மலைகளில் நடக்கிற வேலையை மேற்பார்வை பார்க்கிற உத்தியோகம். சுற்றுவட்டத் தோட்டங்களில் இருந்த எங்கள் ஆறு பேருக்கும் கம்பெனி ஒரே மாதிரி, ஒரே சிவப்பில், உயரமான ஜப்பான் மோட்டார் சைக்கிள் கொடுத்திருந்தது. அந்த வண்டியின் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரண்டு குழாய்க் கால்களுக்குள்ளும் ஸ்பிரிங், ஒயிலோடு காற்றும் இருக்கும். காற்றுக் குறைந்தால் இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது வண்டி மூக்கைக் குத்திக்கொள்ளும். கூடினால் கல்ரோட்டில் மணிக்கட்டு கழன்றுவிடும். இதை அறியாத எங்களில் ஒருவர் பெட்ரோல் செட்டில் டயருக்கு ஊதுகிற குழாயையே மாட்டி ஊதச் சொல்லி, ஒயில் சீல் வெடித்து, சட்டையெல்லாம் ஒயிலாக வந்து நின்றார்.

அந்தக் காற்றை அளந்து போடத் தெரிந்தவர் அந்தப் பக்கத்தில் இவர் ஒருவர்தான். எங்கள் ஊரில் தச்சர், கொத்தனார், மெக்கானிக் எல்லாரையும் 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவோம். இவர் 'காத்து பாஸ்'. அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். சண்டை முடிந்து எவ்வளவோ காலமாகியும் சில பெயர்களைக் காகிதத்தில் எழுத எனக்குக் கை வருவதில்லை.

கராஜ் என்றால் முச்சந்தியில் தகரம் போட்ட ஓர் அறை. வண்டியைக் கொண்டுபோனதும் தொட மாட்டார். "சூடா இருக்கு, ஆறட்டும்" என்பார். ஆறியதும் தேயிலைப் பெட்டி ஒன்றை எஞ்சினுக்கு அடியில் கொடுத்து முன்சக்கரத்தை நிலத்தில் படாமல் தூக்குவார். பிறகு கேள்விகள் தொடங்கும்.

"எந்தப் பக்கம் போறீங்க? ஏத்தமா எறக்கமா? பின்னால யாரு?"

கோயிலில் ஐயர் நட்சத்திரம் கேட்பது மாதிரி இந்த 'பின்னால யாரு'வைக் கேட்பார். பதில் சொல்லாவிட்டால் காற்றுக் கிடையாது. மருந்தடிக்கிற பழைய பம்பின் பித்தளைக் குழாயில் அவரே செய்த முழநீளப் பம்பு ஒன்று வைத்திருந்தார். முனையில் ஒரு வட்ட மீட்டர். "பெட்ரோல் செட்டு கொழாய் யானைக்கு ஊதுறதுங்கய்யா. இது கொசுவுக்கு" என்பார். மீட்டரைக் கழற்றும்போது கொஞ்சம் காற்று வெளியே போகும். அது எவ்வளவு என்பது அவர் விரலுக்குத்தான் தெரியும், அதையும் சேர்த்தே ஊதுவார். காத்து பாஸ் போட்ட காற்று மூன்று மாதம் நிற்கும் என்பது மஸ்கெலியாவிலிருந்து நோர்வூட் வரைக்கும் பேச்சு. அந்தப் பேச்சுத்தான் அவருடைய சொத்து, வேறு சொத்து இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக, சைக்கிள் டியூபில் வெட்டிய மெல்லிய ரப்பர் வளையம் ஒன்றை ஒரு காலில் மாட்டி விடுவார். வண்டி பள்ளத்தில் விழும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் கீழ்க்குழாய் மேலேறி அந்த வளையத்தைத் தள்ளும். குழாய் இறங்கிவிடும், வளையம் தள்ளிய இடத்திலேயே நிற்கும். அடுத்த முறை போகும்போது குந்தி உட்கார்ந்து, அது எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று விரல் வைத்து அளப்பார். காற்றைக் கூட்டவா குறைக்கவா என்று பார்ப்பதற்குத்தான் அது. ஆனால் அவர் அதில் வேறு என்னவெல்லாமோ படித்தார்.

பக்கத்துத் தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் ஒருவர், "ஒத்த ஆளாத்தான் பாஸ் ஓட்டுறேன்" என்று சத்தியம் பண்ணினார். இவர் வளையத்தைப் பார்த்தார்.

"பின்னால நாப்பத்தி ஆறு கிலோ. ஞாயித்துக்கெழம. லக்சபான எறக்கம்."

கிளாக்கர் முகம் வெளுத்துவிட்டது. மறுமாதம் கல்யாணம். பெண்ணைப் பார்த்தபோது எனக்கும் நாற்பத்தாறுதான் இருக்கும் போலத் தெரிந்தது. நாங்கள் சிரித்துத் தீர்த்தோம். அவர் மட்டும் சிரிக்கவில்லை. "சுமய மறைச்சா வண்டி காட்டிக் குடுத்துருங்கய்யா" என்றார். எதற்கெடுத்தாலும் அதைத்தான் சொல்வார்.

சிரித்தேனே தவிர, அன்று வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு ஒரு மாதிரி இருந்தது. சோதனைச் சாவடியில் பெயர் கேட்பார்கள், அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள், வீட்டில் யார் யார் என்று பொலிஸில் பதிய வேண்டும். அப்படிப்பட்ட காலத்தில் யார் யாரை எங்கே ஏற்றிப் போனார்கள் என்று தெரிந்த ஒரு மனிதர் சந்தியில் உட்கார்ந்திருக்கிறார். அவர் நல்லவர்தான். ஆனால் நல்லவரிடமும் கேட்கிறவர்கள் கேட்கிற விதத்தில் கேட்டால்?

அதற்கும் ஒரு நாள் வந்தது. அட்டன் போகும் வழிச் சாவடியில் அவருடைய பையைத் திறந்த சிப்பாய், பித்தளைக் குழாயையும் மீட்டரையும் பார்த்து, "மொக்கத மே?" என்று கேட்டான். இது என்ன என்று அர்த்தம். இவருக்குத் தெரிந்த சிங்களம் கொஞ்சம். நல்ல பிள்ளையாக, மாத்தயா என்று மரியாதையும் சேர்த்துப் பதில் சொன்னார்.

"பொம்ப, மாத்தயா."

சிங்களத்தில் பம்புக்கும் 'பொம்ப' மாதிரித்தான் சொல்வார்கள், குண்டுக்கும் 'பொம்ப' மாதிரித்தான் சொல்வார்கள். எந்த எழுத்தை மெலிதாகச் சொல்வது, எதை அழுத்துவது என்பதில்தான் வித்தியாசம். எங்கள் வாய்க்கு இரண்டும் ஒன்று. இதோ, எழுதினாலும் ஒன்றாகத்தானே இருக்கிறது. சிப்பாய் பையைப் போட்டுவிட்டு ஓடினான். மற்றவர்கள் துவக்கை நீட்டினார்கள். நெற்றி ரோட்டில் படக் குப்புறப் படுக்க வைத்தார்கள். இவர் பயத்தில் அந்தச் சொல்லையே திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். விளக்கம் சொல்வதாக நினைத்து.

இரண்டு நாள் முகாமில் இருந்தார். முகாம் அதிகாரி எங்களுடையதைப் போன்ற வண்டி ஓட்டுகிறவர். மீட்டரைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. தன் வண்டிக்கே காற்றுப் போடச் சொன்னார், வளையத்தையும் கேட்டுத் தெரிந்துகொண்டார், விட்டுவிட்டார். அதோடு வாரத்துக்கு ஒரு நாள் வந்து முகாம் வண்டிகளையும் பார்க்க வேண்டும் என்று உத்தரவு.

திரும்பி வந்தவர் அந்தச் சாமானின் பெயரை அதன்பிறகு சொல்லவே இல்லை. தமிழில் பேசும்போதுகூட 'ஊதி' என்றுதான் சொல்வார். சிங்களத்தில் யாராவது கேட்டால் கன்னத்தை உப்பி ஊதிக் காட்டுவார். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். நெற்றித் தழும்பைப் பார்த்தால் சிரிப்பு வராது.

எங்கள் பயம் அப்போதுதான் உண்மையாகத் தொடங்கியது. காத்து பாஸ் செவ்வாய்க்கிழமைகளில் முகாமுக்குப் போகிறார். அங்கே என்ன பேசுவார்? கராஜுக்குப் போகாமலும் இருக்க முடியாது. திடீரென்று நிறுத்தினால் ஏன் நிறுத்தினாய் என்று யாராவது யோசிப்பார்கள். எனவே போனோம். 'பின்னால யாரு' என்று அவர் கேட்டால் முன்னைப்போல் கதை அளக்காமல் ஒரே சொல்லில் பதில் சொன்னோம்.

இந்த நேரத்தில்தான் என் அக்கா புருஷன் வந்து சேர்ந்தார். எங்கள் அக்காவைக் கட்டிக்கொண்டு வவுனியாப் பக்கம் போய், அரிசி மா அரைக்கிற ஆலை வைத்துப் பிழைத்தவர். ஆளும் ஆலை மாதிரிதான் இருப்பார். ஆலைக்கு வந்துபோன ஒருவனை இராணுவம் எங்கேயோ பிடித்து அடித்ததில் அவன் இவருடைய பெயரையும் சொல்லிவிட்டானாம். இவர் செய்த குற்றம் அவனுக்கு மிளகாய் அரைத்துக் கொடுத்தது. என் குவாட்டர்ஸில் பதியாமல் பதினொரு நாள் வைத்திருந்தேன். அவர் நடந்தால் பலகைத் தரை சத்தம் போடும். நான் வீட்டில் இல்லாதபோது நடக்கவே கூடாது என்று சொல்லியிருந்தேன். பாவம், பெரிய மனுஷன், கட்டிலில் உட்கார்ந்தபடியே இருந்தார். கொண்டுவந்து கொடுத்த சோற்றில் பாதியை வைத்துவிடுவார்.

வழி ஒன்றுதான் இருந்தது. அது பாதமலை யாத்திரைக் காலம். அடிவாரத்து நல்லதண்ணியில் ஆயிரக்கணக்கான சனம் நிற்கும். அதோடு கலந்து மலை ஏறி, வந்த வழியில் திரும்பாமல் இரத்தினபுரிப் பக்கம் இறங்கிவிட்டால் அட்டன் ரோட்டுச் சாவடி ஒன்றுமே இல்லை. அங்கிருந்து கொழும்புக்குக் கூட்டிப்போக ஆள் இருந்தது. நல்லதண்ணி வரைக்கும் தேயிலை மலைகளுக்கு நடுவே தோட்ட ரோட்டில் நான் கொண்டுபோய் விட வேண்டும்.

புறப்படுகிற அன்று காலை வண்டியைக் காத்து பாஸிடம் கொண்டுபோனேன். இப்போது நினைத்தாலும் ஏன் போனேன் என்று என்மேல் கோபம் வருகிறது. காற்றுக் குறைந்திருந்தது, இறக்கமோ மோசமான இறக்கம், அவ்வளவு பெரிய ஆளைப் பின்னால் வைத்துக்கொண்டு விழுந்துவிடுவேனோ என்ற பயம். பெட்டி வைத்துத் தூக்கினார்.

"எந்தப் பக்கம் போறீங்க?"

"மேல் டிவிசனுக்கு."

"பின்னால யாரு?"

தொண்டை வரைக்கும் வந்தது. ஒரு ஆள் வருவார் பாஸ், கொஞ்சம் கூட்டிப் போடுங்க என்று சொல்லிவிடலாமா? மறுநாள் செவ்வாய்க்கிழமை.

"யாரும் இல்ல. நான் மட்டுந்தான்."

அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். வழக்கமாகச் சொல்கிறதைச் சொல்லவில்லை. என் ஒருத்தனுக்கு ஏற்ற காற்றைப் போட்டு, வளையத்தைக் கீழே தள்ளிவிட்டு, "பாத்துப் போங்கய்யா" என்றார்.

அன்று மத்தியானம் மச்சானைக் கொண்டுபோனேன். தொப்பி, மப்ளர், தோளில் யாத்திரைக்காரர் பை. வழியெல்லாம் வண்டி மூக்கைக் குத்திக் குத்தி எழுந்தது. ஒரு வளைவில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். நல்லதண்ணியில் கடைத்தெரு தொடங்குகிற இடத்தில் இறக்கிவிட்டேன். "அக்காவ நெனச்சு ஏறுங்க மச்சான்" என்றேன். அவர் மலையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இத ஏறுறதுக்கு நான் முகாமுக்கே போயிருக்கலாம்டா" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். அவர் பையை இழுத்து மாட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்தார்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் ஒழுங்கு செய்தேன். அவர் படுத்த பாயைக் கழுவினேன். பீடித் துண்டுகளைப் பொறுக்கி அடுப்பில் போட்டேன். வண்டியின் பின்னால் உட்காருகிறவர் கால் வைக்கிற கம்பிகளைத் துடைத்து மடித்து வைத்தேன். சேறு கழுவினேன். எனக்கு நானே கெட்டிக்காரனாகத் தெரிந்தேன்.

மறுநாள் காலை பெரட்டில், பேர் கூப்பிடுகிற இடத்தில், தொழிலாளர்களை மலைக்கு அனுப்பிக்கொண்டிருந்தபோது ஜீப் வந்தது. சிவப்பு மோட்டார் சைக்கிளில் அந்நிய ஆள் ஒருவன் நேற்றுப் போனானாம், யாரோ சொல்லிவிட்டார்கள். ஆறு வண்டியும் ஆறு பேரும் எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலை முற்றத்துக்கு வர வேண்டும். போனோம். வரிசையாக நிறுத்தினோம். ஒவ்வொரு வண்டிக்கும் பக்கத்தில் ஒரு சிப்பாய். அதிகாரி ஒவ்வொருவராகக் கேட்டார். ஆறு பேரும் நேற்று ஒற்றை ஆளாகத்தான் ஓட்டினோம் என்றோம். அதிகாரி தலையை ஆட்டிவிட்டு ஜீப்பைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

காத்து பாஸ் இறங்கினார். தலையில் தொப்பி, கையில் பை. நெற்றியில் தழும்பு.

அப்போதுதான் எனக்கு வளையத்தின் ஞாபகம் வந்தது. ஒரு விரலால் கீழே தள்ளியிருந்தால் போதும். ஒரு விரல். என் வண்டி நான்காவதாக நின்றது. நின்ற இடத்திலிருந்தே பார்த்தேன், வளையம் குழாயின் உச்சிக்கு ஒரு நூலளவுதான் கீழே நின்றது. எனக்கு மூத்திரம் வந்துவிடும் போலிருந்தது. மச்சான் இந்நேரம் மலையிறங்கி இரத்தினபுரிக்குப் போயிருப்பாரா, இல்லை மூச்சு வாங்கிக்கொண்டு பாதி வழியில் உட்கார்ந்திருப்பாரா என்று தெரியாது. நான் பிடிபட்டால், அடித்தால், சொல்லிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

முதல் வண்டி. மீட்டரை மாட்டிக் காற்றைப் பார்த்தார், வளையத்துக்கு விரல் வைத்தார். "எக்கெனாய்" என்றார், ஒரு ஆள்தான். இரண்டாவது, ஒரு ஆள். மூன்றாவது, ஒரு ஆள். என் வண்டிக்கு வந்தார்.

வளையத்தைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. வண்டியைச் சுற்றி அந்தப் பக்கம் போய், அதிகாரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு கால்களின் மூடிகளையும் கழற்றினார். இரண்டு பெருவிரல் நகங்களும் உள்ளே இருந்த காற்று வால்வுகளில் அழுந்தின. தொழிற்சாலையில் கொழுந்து வாட்டுகிற பெரிய காற்றாடிகள் ஓடிக்கொண்டிருந்தன, வேறு சத்தம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் வண்டியின் மூக்கு ஒரு விரலளவு மெல்ல இறங்கியதை நான் பார்த்தேன். பக்கத்தில் நின்ற சிப்பாயின் கண் என்மேல்தான் இருந்தது, என்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை. அதற்கப்புறம்தான் மீட்டரை மாட்டினார். அதிகாரியைக் கூப்பிட்டு முள்ளைக் காட்டினார்.

"ஹுலங் நே, மாத்தயா."

காற்றே இல்லை. காற்று இல்லாத வண்டியில் ஒரு ஆள் போனாலும் வளையம் உச்சிக்குப் போய்விடும், இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்று கையாலும் அரைச் சிங்களத்தாலும் விளக்கினார். வண்டி காட்டிக் கொடுக்கும் என்று ஓயாமல் சொன்ன மனிதர் அந்த வண்டியையே ஊமையாக்கிவிட்டார். அதிகாரி முள்ளைப் பார்த்தார். அது சரிதான் என்று அவருக்கும் தெரியும். சும்மா கேட்கிற மாதிரி என் பக்கம் திரும்பி, கடைசியாக எப்போது காற்றுப் போட்டாய் என்று கேட்டார்.

பயம் என்பது மூளையை அவித்துவிடுகிற சாமான். கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொல்லிவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம் என்று உடம்பு நினைத்தது.

"ஈயே" என்றேன். நேற்று.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று விளங்கியது. நேற்றுப் போட்ட காற்று இன்றைக்கு எப்படி இல்லாமல் போகும்? அதிகாரி மெதுவாக அவர் பக்கம் திரும்பினார். காத்து பாஸ் ஒரு விநாடி கண்ணை மூடினார். பிறகு, ஆறு தோட்டத்துக்காரருக்கும் கேட்கிற சத்தத்தில், முதலில் சிங்களத்திலும் பிறகு எங்களைப் பார்த்துத் தமிழிலும் சொன்னார்.

"மகே வெரத்த, மாத்தயா. என் தப்புதாங்க. சீல் போயிருச்சுன்னு தெரிஞ்சேதான் நேத்து ஊதி விட்டேன். ஐயாகிட்ட சொல்லல. நான் போட்ட காத்து நிக்கல."

அதிகாரியின் அறை அவர் கன்னத்தில் விழுந்தது. தொப்பி பறந்துபோய் என் காலடியில் விழுந்தது. நான் குனிந்து எடுக்கவில்லை. இவனையா இத்தனை நாள் முகாமுக்குள் விட்டோம் என்று அதிகாரி கத்தினார், அந்த வளையத்தை இழுத்து அறுத்து வீசினார், மற்ற இரண்டு வண்டியையும் பார்க்காமலே ஜீப்பில் ஏறினார். காத்து பாஸ் தொப்பியை எடுத்துக்கொண்டு சந்திக்கு நடந்தே போனார்.

பத்து நாள் கழித்து மச்சான் கொழும்பிலிருந்து ஆள் மூலம் தகவல் அனுப்பினார். தப்பிவிட்டார்.

காத்து பாஸ் தப்பவில்லை. அன்றைக்கே பேச்சுப் பரவிவிட்டது. சீல் போனது தெரிந்தும் மறைத்து ஊதுகிறவனாம். காத்து பாஸ் என்றவர்கள் 'ஓட்ட பாஸ்' என்றார்கள். என்னுடைய ஐந்து சகாக்களும், "நல்லவேள, ஒன்னோட கைகால் முறியல" என்று என்னிடமே வந்து சொன்னார்கள். நான் ஆமாம் என்றேன். அந்தப் பொய்க்கு ஒரு சாட்சி வேண்டுமே என்று வண்டியை அட்டனுக்குக் கொண்டுபோய்ச் சீல் மாற்றக் கொடுத்தேன். அங்கிருந்த மெக்கானிக் கழற்றிப் பார்த்துவிட்டு, "இது புதுசு மாதிரி இருக்கே, யாருங்க மாத்தச் சொன்னது?" என்று கேட்டார்.

"மாத்துங்க" என்றேன்.

சந்திப் பக்கம் போவதையே நிறுத்தினேன். அவர் காப்பாற்றியதற்குப் பிறகுதான் அவர்மேல் எனக்குப் பயம் அதிகமானது. அவருக்கு எல்லாம் தெரியும். ஒரு நாள் வந்து ஏதாவது கேட்பார், கேட்டால் நான் மறுக்க முடியாது என்று நினைத்தேன். அவர் வரவே இல்லை. நாலைந்து மாதத்தில் தகர அறை பூட்டிக் கிடந்தது. எங்கே போனார் என்று கேட்கவும் எனக்குப் பயம். கேட்டால் ஏன் கேட்கிறாய் என்பார்களே.

சண்டை நிறுத்தம் வந்த காலத்தில், சாவடிகளெல்லாம் எடுபட்ட பிறகு, அட்டனில் ஒரு டயர்க் கடையில் அவரைக் கண்டேன். யாருடைய கடையோ. இவர் கையில் கம்ப்ரசர் குழாய், யானைக்கு ஊதுகிற அதே குழாய். என் புது வண்டியில் பின்னால் என் மனைவி. அவள் கடைத்தெருவுக்குப் போனதும் வண்டியை உருட்டிக்கொண்டு போய் நிறுத்தினேன். என்னை அடையாளம் தெரிந்தது, நெற்றி சுருங்கியதில் கண்டுகொண்டேன். குந்தி உட்கார்ந்து முன் டயருக்கு ஊதினார், பின் டயருக்கு ஊதினார். எந்தப் பக்கம் போகிறேன் என்று கேட்கவில்லை. பின்னால் யாரு என்று கேட்கவில்லை. கேட்க மாட்டாரா என்று நான் நின்றுகொண்டே இருந்தேன். ஒரு மனிதரிடமிருந்து ஒரு கேள்வியையே பிடுங்கிவிட்டிருக்கிறேன் என்று தெரிந்தபோது எனக்கு அழுகை வந்தது.

"பாஸ்" என்றேன். "அன்னைக்கு என் பின்னால இருந்தது என் அக்கா புருஷன்."

அவர் கை நின்றது. ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார். "மெதுவாப் பேசுங்கய்யா" என்றார்.

"இப்ப ஒன்னும் இல்ல பாஸ். எல்லாம் முடிஞ்சு போச்சு. அவரு கனடாவுல இருக்காரு. நல்லா இருக்காரு. எண்பத்தி ரெண்டு கிலோ ஆளு, அவ்வளவு பெரிய மலைய ஏறி எறங்கிட்டாரு."

அவர் டயரின் மூடியைத் திருகினார். இன்னொரு தரம் ரோட்டைப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்காமல், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"எண்பத்தி நாலுங்கய்யா."